பப் மேடைக்கு ஒரே ஒரு பேஸ்: ஃபெண்டர் ப்ரெசிஷன் பற்றி ஒரு மதிப்பீடு

கடையில் தனியாக எடுத்து வாசித்துப் பார்க்கும்போது ஃபெண்டர் நிறுவனத்தின் ப்ரெசிஷன் பேஸ் கித்தார் யாரையும் எளிதில் மயக்கிவிடுவதில்லை. தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் ஒன்றே ஒன்று, ஒலியளவுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ் என்பதோடு கருவி முடிந்துவிடுகிறது. பக்கத்தில் தொங்கும் இரட்டைப் பிக்கப் கருவிகளும், பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் கருவிகளும் பளிச்சென்று ஒலிக்கையில், இது மட்டும் மூக்கடைத்த குரலில் பேசுவதாகத் தோன்றும். ஆயினும், நண்பர்களோடு சேர்ந்து பப்களில் பிறர் பாடல்களை வாசிக்கும் பொழுதுபோக்குக் குழு ஒன்றில் பேஸ் வாசிப்பவர் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், நான் தயங்காமல் இதையே வாங்கச் சொல்வேன். கடையில் குறையாகத் தெரியும் அந்தக் குரல்தான் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே எடுபடுகிறது. இந்த மதிப்பீடு அந்த ஒரு பயன்பாட்டை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டிலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ வாசிப்பவர் கேட்டால் நான் வேறு கருவிகளையும் சேர்த்துச் சொல்வேன்.

பப் மேடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பெரும்பாலும் அது மேசை நாற்காலிகளை நகர்த்திவிட்டு ஒதுக்கித் தரப்பட்ட ஒரு மூலை. டிரம் செட்டை விரித்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் மற்ற அனைவரும் நிற்க வேண்டும். பேஸ் வாசிப்பவருக்குக் கிடைப்பது டிரம் செட்டின் ஹை-ஹாட் சிம்பல்களுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து. ஒலியைக் கவனிக்க என்று தனியாக ஆள் இருப்பதில்லை. பாடகரின் மைக்குக்கு மட்டும் ஒலிபெருக்கி இருக்கும், மற்றவர்கள் அவரவர் ஆம்ப்பை, அதாவது கருவியின் ஒலிபெருக்கியை, நம்பி வாசிப்பார்கள். குழுவின் மொத்தச் சத்தத்தையும் தீர்மானிப்பவர் டிரம்மர், ஏனென்றால் அவருடைய கருவிக்கு மட்டும் ஒலியளவுக் குமிழ் கிடையாது. பாடல் பட்டியலோ அறுபதுகளின் சோல் இசையில் தொடங்கி, பங்க், டிஸ்கோ, ஹார்டு ராக் என்று தாவித் தாவிச் செல்லும். ஒரு பாடல் முடிந்து அடுத்ததற்கு டிரம்மர் குச்சிகளைத் தட்டும் வரை கிடைக்கும் சில நொடிகளில் தண்ணீர் குடிக்க வேண்டும், சுருதி பார்க்க வேண்டும், அடுத்த பாடல் எந்தக் கட்டையில் என்று நினைவுபடுத்திக்கொள்ளவும் வேண்டும். அதற்கிடையே நாலைந்து குமிழ்களைத் திருப்பி நாதம் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பேஸின் நாதத்தை ரசிப்பதற்காக எவரும் வந்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் பேஸ் தடுமாறினால் ஆடிக்கொண்டிருப்பவர்களின் கால்கள் உடனே தடுமாறும்.

இப்படிப்பட்ட கலவையான பட்டியலுக்கு இந்தக் கருவி பொருந்துவதில் வியப்பில்லை. இப்படிப் பிறர் பாடல்களை வாசிக்கும் கவர் குழுக்களின் பாடல்களில் பல முதலில் பதிவானதே இதில்தான். ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டுக் கருவி ஒன்றை வலக்கை ஆள்காட்டி விரலால் மட்டுமே மீட்டி மோட்டவுன் என்ற சோல் இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்தார். மற்றொரு சோல் இசை நிறுவனமான ஸ்டாக்ஸின் பாடல்களில் டொனால்ட் ‘டக்’ டன் வாசித்ததும் ப்ரெசிஷன்தான். கேரல் கே இதைப் பிக் என்ற மீட்டும் சில்லு கொண்டு வாசித்தார். குவீன் குழுவின் ஜான் டீக்கன், ராமோன்ஸின் டீ டீ ராமோன், அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் ஆகியோரும் இதையே தோளில் மாட்டியிருந்தார்கள். இவர்களில் ஒருவருடைய ஒலி மற்றவருடையதைப் போல இருக்காது. கருவி ஒன்றாக இருந்தும் ஒலி இவ்வளவு வேறுபடுகிறது என்றால், வேறுபாடு கையிலும் தந்தியிலும் ஆம்ப்பிலும் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஒரே இரவில் இத்தனை பேருடைய வரிகளையும் வாசிக்க வேண்டியவருக்கு, மீட்டும் விதத்தை மாற்றினாலே குரலையும் மாற்றிக்கொள்ளும் கருவி கையில் இருப்பது பெரிய வசதி. விரல் பதிக்கும் நீண்ட கழுத்தான நெக், உடலோடு சேரும் முனைக்கு அருகில் மீட்டினால் ஒலி உருண்டு வருகிறது. உடலில் தந்திகள் பொருந்தும் பிரிட்ஜை நெருங்க நெருங்க இறுகுகிறது. உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் பதித்துக் கட்டைவிரலால் மீட்டினால் பழைய ஒலிப்பதிவுகளின் அடங்கிய ‘டும்’ ஒலி கிடைக்கிறது.

லியோ ஃபெண்டர் இந்தக் கருவியை 1951-இல் வெளியிட்டார். நாம் இன்று அறிந்திருக்கும் வடிவம் 1957-இல் வந்தது. பிக்கப் இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது அப்போதுதான். ஒரு துண்டு தடித்த ஈ, ஏ தந்திகளின் அடியிலும், மற்றொன்று சற்றுத் தள்ளி, பிரிட்ஜை நோக்கி, டி, ஜி தந்திகளின் அடியிலும் அமைந்திருக்கிறது. இரண்டின் கம்பிச் சுருள்களும் எதிரெதிர்த் திசையில் செயல்பட, காந்தங்களும் எதிரெதிர்த் துருவங்களாக இருப்பதால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, தந்தியின் ஒலி மட்டும் அழியாமல் வருகிறது. காகிதத்தில் சிறிய விஷயமாகத் தெரியும் இது, பப்பில் பெரிய விஷயம். நியான் பலகை, விளக்குகளின் டிம்மர், பானங்களைக் குளிரவைக்கும் பெட்டியின் மோட்டார் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றில் இருக்கும் இடத்தில், ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கருவிகள் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். ஃபெண்டரின் மற்றொரு கருவியான, இரட்டைப் பிக்கப் கொண்ட ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்களையும் ஒரே அளவில் வைத்தால்தான் முனகல் போகும். ஒன்றைக் குறைத்தவுடன் திரும்பிவிடும். ப்ரெசிஷன் எந்த நிலையிலும் அமைதியாக இருக்கிறது. மெல்லிய பாடல் ஒன்றின் இடைவெளியில் கித்தார்காரர் தன் ஆம்ப்பை முறைத்துக்கொண்டிருக்கும்போது, நமக்கு அந்தக் கவலை இல்லை என்பது ஒரு சிறிய அற்ப மகிழ்ச்சி.

அடுத்ததாக அந்த மூக்கடைத்த குரலுக்கு வருகிறேன். திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஏ தந்திக்கு 55 ஹெர்ட்ஸ். எதிரெதிர்ச் சுவர்கள் 4 மீட்டர் இடைவெளியில் அமைந்த அறை சுமார் 43 ஹெர்ட்ஸில் தானாகவே முழங்கத் தொடங்கும். இடைவெளி 3 மீட்டர் என்றால் அது 57 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறிவிடும். எனவே சிறிய அறைகளில் ஒரு ஸ்வரம் கண்ணாடிக் குவளைகளை நடுங்க வைக்கும், அதற்கு இரண்டு ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தள்ளிய ஸ்வரமோ காணாமலே போய்விடும். இதை ஆம்ப்பின் பேஸ் குமிழைத் திருப்பிச் சரிசெய்ய முயல்பவர்கள் முழங்கும் ஸ்வரத்தை இன்னும் முழங்க வைப்பார்களே தவிர, காணாமற்போனதை மீட்க மாட்டார்கள். நல்ல வேளையாக, நம் காது ஒரு ஸ்வரத்தை அடையாளம் காண்பதற்கு அடிப்படை அதிர்வெண்ணை மட்டும் நம்பியிருப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்காக வரும் மேலதிர்வுகளைக் கொண்டே அது இன்ன ஸ்வரம் என்று கண்டுகொள்கிறது. ப்ரெசிஷனின் பலம் துல்லியமாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் ஒலி அடியாழத்தை விடவும் அதற்குச் சற்று மேலே உள்ள நடுப்பகுதியில் திரண்டு நிற்கிறது. டிரம்மின் கிக் அடியும் அறையின் முழக்கமும் கீழே மோதிக்கொள்ள, கித்தார்களும் சிம்பல்களும் மேலே அடைத்துக்கொள்ள, நடுவில் எஞ்சியிருக்கும் இடம் இந்தக் கருவிக்கு அளவெடுத்துத் தைத்தது போல் அமைந்துவிடுகிறது.

ஆகவே நான் ஆம்ப்பில் செய்வது மிகவும் குறைவு. பேஸ் குமிழை நடுவிலிருந்து சற்றுக் குறைப்பேன். கீழ்-நடு அதிர்வெண்களைச் சற்று ஏற்றுவேன். ஸ்பீக்கர் பெட்டியை மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க இடம் இருக்கிறதோ அவ்வளவு தள்ளி வைப்பேன், ஏனெனில் மூலை தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கிவிடும். அதன் பிறகு இரவு முழுவதும் கை தொடுவது கருவியின் டோன் குமிழை மட்டுமே. ப்ரெசிஷனின் டோன் குமிழ் ஆக்டிவ் கருவிகளில் உள்ளதைப் போல எதையும் கூட்டுவதில்லை. மேல் அதிர்வெண்களை வடிகட்டிக் குறைக்க மட்டுமே செய்கிறது. முழுவதும் திறந்து பிக் கொண்டு வாசித்தால் ராக் பாடல்களுக்குத் தேவையான உறுமல் வருகிறது. பாதி அளவுக்கு மூடினால் விரல் நுனியின் உரசல் மறைந்து, தந்தியின் உடல் மட்டும் கேட்கிறது. முற்றிலும் மூடி, உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும்போது, ரெக்கே பாடல்களுக்கான கனத்த, கூர்மையற்ற ஒலி கிடைத்துவிடுகிறது. இருட்டில், பார்க்காமலே, சுண்டுவிரலால் திருப்பக்கூடிய ஒரே குமிழ் என்பதால் பாடலின் நடுவிலும் மாற்றலாம். பல்லவியில் மூடி வைத்துவிட்டுச் சரணத்தில் திறப்பது எனக்குப் பிடித்த பழக்கம்.

பேட்டரி இல்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆக்டிவ் கருவிகளில் கேபிளைச் செருகியிருக்கும் நேரம் முழுவதும் 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். இடைவேளையில் கேபிளைப் பிடுங்க மறந்தால் அதுவும் கணக்கில் சேரும். முன்பு என்னிடம் இருந்த, வேறொரு தயாரிப்பாளரின் ஆக்டிவ் கருவி இரண்டாம் செட்டின் நடுவில் கரகரத்து, மெலிந்து, பேச்சற்றுப் போனது. அதன் ஒலி ப்ரெசிஷனை விட அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னிரவில் அழகாகவும் பின்னிரவில் ஊமையாகவும் இருக்கும் கருவியை விட, கடைசிப் பாடல் வரை ஒரே மாதிரி ஒலிக்கும் கருவியே குழுவுக்குப் பயன்படும்.

தந்திகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கருவியில் தந்தியை மாற்றுவது கருவியையே மாற்றுவதற்குச் சமம். தட்டையான பட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்திகள்தான் முதலில் இருந்தவை. ஜேமர்சன் வாசித்தவையும் அவையே, அவர் அவற்றை மாற்றுவதும் அரிது. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள் 1960-களின் நடுவில், தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலின் பங்களிப்போடு ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் வழியாகப் பரவின. ரவுண்ட்வவுண்ட் தந்திகள் புதிதாக இருக்கும்போது பியானோவைப் போல மணியடிக்கும்; வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்கு இடையே படியப் படிய அந்த மணி மங்கிவிடும். ஃப்ளாட்வவுண்ட் தந்திகளில் முதலிலிருந்தே அந்த மணி இல்லாததால் மங்குவதற்கும் ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். மேலும், விரல் வழுக்கும்போது எழும் ‘கிறீச்’ ஒலி அவற்றில் ஏறக்குறைய இல்லை. பழைய சோல், ஆரம்பகால ராக் பாடல்களே பட்டியலில் மிகுதி என்றால் ஃப்ளாட்வவுண்ட் போட்டுவிட்டு மறந்துவிடலாம். பட்டியல் எல்லாப் பத்தாண்டுகளையும் தொடுகிறது என்றால், ரவுண்ட்வவுண்ட் தந்திகளைப் போட்டு, அவை ஓரளவு பழகி மங்கிய நிலையில் வைத்துக்கொண்டு, மற்றதை டோன் குமிழிடம் விட்டுவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். நான் வைத்திருப்பது 45 முதல் 105 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) வழக்கமான பருமன் செட். ஸ்டீவ் ஹாரிஸ் ஃப்ளாட்வவுண்ட் தந்திகளிலேயே குதிரைப் பாய்ச்சல் போன்ற வேகமான வரிகளை வாசிக்கிறார் என்பதையும் நினைவில் வைக்கலாம். இந்த விஷயத்தில் கண்டிப்பான விதி எதுவும் இல்லை.

குறைகளில் முதலாவது, செத்த ஸ்வரம். இந்த வகை நீண்ட மர நெக்கும், நெக்கை உடலோடு திருகாணிகளால் இணைக்கும் அமைப்பும் கொண்ட பல பேஸ்களில், ஜி தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் ஏதேனும் ஓரிடத்தில், மீட்டிய ஸ்வரம் நிற்காமல் ‘டப்’ என்று அடங்கிவிடும். அந்த அதிர்வெண்ணில் நெக்கும் சேர்ந்து அதிர்ந்து, தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே காரணம். வேகமாக நடக்கும் வரிகளில் இது தெரியவே தெரியாது. மெதுவான பாடலில், பாடகர் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்திருக்க, அவருக்கு அடியில் நாமும் அதே ஸ்வரத்தைப் பிடித்திருக்க வேண்டிய இடத்தில் அது நன்றாகவே தெரியும். அதே ஸ்வரத்தை டி தந்தியில் ஐந்து ஃப்ரெட் மேலே வாசிப்பது எளிய மாற்று. ஒலியும் அங்கே கனமாக இருக்கும். தந்திகளை முறுக்கும் திருகுகள் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் சிறிய எடை ஒன்றைக் கவ்வ வைத்தால் அந்த இடம் நகர்ந்து இரண்டு ஃப்ரெட்களுக்கு இடையே போய்விடுவதும் உண்டு. இதைத் தயாரிப்புப் பிழை என்று சொல்ல முடியாது, மரத்தின் இயல்பு என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரே மாடலின் இரண்டு கருவிகளில் ஒன்றில் மோசமாகவும் மற்றொன்றில் இலேசாகவும் இருக்கும் என்பதால், வாங்குபவர் கவனிக்க வேண்டியது.

எடையும் ஒரு பிரச்சினைதான். நான்கு கிலோ அளவுக்கு இருக்கும் கருவியை நின்றபடியே இரண்டு செட் சுமக்கும்போது இடத்தோள் தன் எதிர்ப்பைத் தெரிவிக்கத் தொடங்கும். அகலமான தோல் பட்டை பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். நெக்கின் அகலம், ஹெட்ஸ்டாக்கை ஒட்டித் தந்திகள் பதிந்திருக்கும் நட்டருகே, ஏறத்தாழ 41 மில்லிமீட்டர். ஜாஸ் பேஸில் அது 38. சிறிய கை உடையவர்களுக்கு இந்த மூன்று மில்லிமீட்டர் கணிசமானது. ஜாஸ் பேஸின் நெக்கைப் பொருத்திய ப்ரெசிஷன் மாடல்கள் பலவும் சந்தையில் இருப்பதால், இதைக் காரணம் காட்டிக் கருவியையே ஒதுக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய வரம்பு, கீழ் ஸ்தாயியின் எல்லை. அண்மைப் பத்தாண்டுகளின் பாப், டான்ஸ் பாடல்கள் பலவற்றில் பேஸ் வரியைச் சின்தசைசர் வாசித்திருக்கும். அது திறந்த ஈ தந்திக்குக் கீழே தாராளமாக இறங்கிப் போகும். அதோடு, குழுவின் பாடகர் தன் குரலுக்கு ஏற்ப அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கச் சொல்வது அன்றாட நடப்பு. மூலப் பாடல் ஈயில் இருந்து, நமக்கு டியில் வாசிக்க வேண்டி வந்தால், அந்தப் பாடலுக்கு உயிரான ஆழ்ந்த ஸ்வரமே நம்மிடம் இல்லாமல் போகிறது. ஈ தந்தியை டிக்கு இறக்கலாம். அப்படி இறக்கினால் அந்தத் தந்தியில் விரல் வைக்கும் இடமெல்லாம் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும், தந்தியும் தளரும். டியூனிங் கீயில் நெம்புகோல் பொருத்தி ஒரே தட்டலில் இறக்கி ஏற்றும் ஏற்பாடு இதைவிட மேல். ஐந்து தந்திக் கருவிதான் சரியான விடை என்பவர்களோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் அதன் தாழ்ந்த பி தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ், பப்புக்குத் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை அதை முழுமையாக வெளியிடுவதே இல்லை. அந்த ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிட்டு, தாளத்தைத் துல்லியமாக வைத்திருந்தால், ஆடுபவர்கள் எவரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை.

ஸ்லாப் முறையில் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஃபங்க் வரிகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடித்து வாசிக்க முடியும். ஆனால் அந்தப் பாடல்களின் கண்ணாடி போன்ற மினுமினுப்பு இதில் வராது. அதற்கு 1960-இல் வந்த ஜாஸ் பேஸோ, ஆக்டிவ் மின்சுற்றோடு 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயோ நன்றாக இருக்கும். பட்டியலில் பாதிக்கு மேல் ஃபங்க் என்றால் ஜாஸ் பேஸ் வாங்குங்கள். இரண்டு மூன்று பாடல்கள்தான் என்றால் ப்ரெசிஷனிலேயே டோனை முழுவதும் திறந்து சமாளிக்கலாம்.

எந்த மாடல் என்ற கேள்விக்கு நான் அதிகம் கவலைப்படுவதில்லை. குடித்தவர் ஒருவர் கைதவறிப் பானத்தைக் கொட்டக்கூடிய இடத்துக்குப் பழம்பெரும் ஆண்டுக் கருவியை எடுத்துச் செல்வது வீண் துணிச்சல். ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்க்வையரிலும், வேறு தயாரிப்பாளர்களின் அதே வடிவக் கருவிகளிலும், அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: பிளவுண்ட பிக்கப், 34 அங்குல நீளத் தந்தி, இரண்டு குமிழ்கள். பிக்கப்பும் குமிழ்களின் மின் பாகங்களும் எளிதில் கிடைப்பவை. திருகாணி ஓட்டத் தெரிந்தவர் ஒரு மாலையில் மாற்றிவிடலாம். எனவே பணத்தை மின் பாகங்களுக்காக அல்ல, நெக்குக்காகச் செலவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஆம்ப்பைப் போடச் சொல்வதற்கு முன்பு, கருவியைச் செருகாமலே ஜி தந்தியில் முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக மீட்டி, ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். செத்த இடம் எங்கே, எவ்வளவு மோசம் என்பது அப்போதே தெரிந்துவிடும். நெக்கின் வளைவைத் திருத்தும் டிரஸ் ராடின் திருகு ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாணி மாடல்களில் அது உடலோடு சேரும் முனையில் இருப்பதால், வானிலை மாறும்போதெல்லாம் நெக்கைக் கழற்ற வேண்டி வரலாம். பட்டையை மாட்டி, கைகளை எடுத்துவிட்டு நின்று, தலைப்பக்கம் சரிகிறதா என்றும் சோதியுங்கள். கடைசியாக, ஆம்ப்பில் செருகியதும் தனியாக வாசித்து முடிவு செய்யாமல், கைப்பேசியிலிருந்து உங்கள் பட்டியலின் பாடல் ஒன்றைக் கடையின் ஸ்பீக்கரில் ஓடவிட அனுமதி கேட்டு, அதனோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். பக்கத்தில் தொங்கும் பளபளப்பான ஆக்டிவ் கருவியையும் அதே பாடலோடு வாசித்துவிட்டு, அதன் பிறகு விலையைப் பேசுங்கள்.